விசா வேறு, வேலை அனுமதி வேறு

(நமது குடியிருப்போர் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



“ஏதாவது உபயோகமாகப் பேசுங்கள், சார்” என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். தண்ணீர் லாரி, பார்க்கிங், மெயின்டனன்ஸ் பாக்கி, இந்த மூன்றையும் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஆகவே நான் வேறொரு விஷயத்தை எடுத்துக்கொண்டேன். நம் குடியிருப்பில் எந்தத் தளத்தை எடுத்துக்கொண்டாலும் பிள்ளையோ பெண்ணோ வெளிநாட்டில் இருக்கிற வீடு ஒன்றாவது இருக்கிறது. நமக்கு இஸ்திரி போட்டுத் தருகிறவர், வாட்ச்மேன், வீட்டு வேலைக்கு வருகிற அம்மா, இவர்கள் வீட்டுப் பையன்களும் துபாய், சிங்கப்பூர் என்று கிளம்புகிறார்கள். இங்கே நாம் சொந்தக்காரர்கள். விமானம் ஏறி இறங்கிவிட்டால் அங்கே நாம்தான் வெளிநாட்டவர். வெளிநாட்டவர் ஒருவர் ஒரு தேசத்தில் தங்கவும் வேலை பார்க்கவும் என்னென்ன காகிதம் வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு.

நான் வக்கீல் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, குமாஸ்தாவாகவே ஓய்வு பெற்றவன். காகிதத்தை ஒரு வரி விடாமல் படிப்பது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வித்தை. அதையும் ஒருமுறை செய்யத் தவறினேன். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1995-ஆம் வருடம். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிளையில் நகைக் கடன் கவுண்டரில் இருந்தேன். முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் மனைவியோடு வந்து எட்டுப் பவுன் நகையை வைத்துப் பணம் வாங்கினார். “துபாய் போறேன் சார், கொத்தனார் வேலை” என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்து ஒரு ஜெராக்ஸை எடுத்துப் பெருமையாகக் காட்டினார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. எனக்குத் தெரியும். அதில் ‘விசிட்’ என்று இருந்தது. என் கண்ணில் அது பட்டது. ஆனாலும் நகையின் எடை சரியா, வவுச்சரில் கையெழுத்து சரியா என்பதுதான் என் வேலை, மற்றது நமக்கெதற்கு என்று நினைத்தேன். “நல்லபடியாகப் போய்வாருங்கள்” என்று டோக்கனைக் கொடுத்தேன்.

அவர் போய்ச் சேர்ந்தார். வேலையும் பார்த்தார். ஆனால் கணக்கில் வராத வேலை. மூன்று மாதம் சம்பளம் கொடுத்த மேஸ்திரி நான்காவது மாதம் கையை விரித்துவிட்டான். புகார் கொடுக்கப் போனால் முதலில் மாட்டிக்கொள்வது இவர்தான். அந்த அம்மா மாதா மாதம் வந்து வட்டி கட்டிப் பார்த்தார். பிறகு அதுவும் நின்றது. ஏல நோட்டீஸ் கவரில் விலாசம் எழுதியது என் கைதான். 1996-ல் அந்த அரசு பொதுமன்னிப்பு அறிவித்தபோது, அபராதம் இல்லாமல் வெளியேறிய கூட்டத்தோடு கூட்டமாக அவரும் ஊர் திரும்பினார். அதற்குள் நகை போய்விட்டது. அன்று ஒரே ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கலாம். அந்தக் கடனைத்தான் இன்று உங்கள் முன்னால் கொஞ்சம் அடைக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊரில் எல்லாவற்றுக்கும் ‘விசா’ என்ற ஒரே வார்த்தையைப் பயன்படுத்துகிறோம். “விசா வந்துடுச்சு” என்றால் எல்லாம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் அது மூன்று வேறு வேறு காகிதம். வங்கி லாக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். வங்கியின் வாசற்கதவு வழியாக யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். அதனால் லாக்கரைத் திறந்துவிட முடியாது. லாக்கருக்கு இரண்டு சாவி வேண்டும். நுழைவு விசா என்பது வாசற்கதவு மாதிரி. வேலை அனுமதி ஒரு சாவி, தங்கும் அனுமதி இன்னொரு சாவி. இரண்டு சாவியும் இல்லாமல் லாக்கருக்குள் கைவிடுகிறவனை என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

நம்மவர்கள் அதிகம் போகிற ஐக்கிய அரபு அமீரகத்தையே எடுத்துக்கொண்டு இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். துபாய், அபுதாபி, ஷார்ஜா எல்லாம் அதில் அடக்கம். அங்கே வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டியவர் முதலாளி. வேலைக்குப் போகிறவர் தானாக விண்ணப்பிப்பதில்லை. முதலில் மனிதவள அமைச்சகத்தின் படிவத்தில் ஆஃபர் லெட்டர் வரும். அந்த அமைச்சகத்தை அங்கிருப்பவர்கள் ‘மோஹ்ரே’ என்பார்கள். சம்பளம், படி, வேலையின் பெயர், வேலை நேரம், விடுமுறை எல்லாம் அதில் இருக்கும். அரபியிலும் ஆங்கிலத்திலும், தொழிலாளிக்குப் புரிகிற மொழியிலும் அதைத் தர வேண்டும். அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருக்கிறது. இது நிறையப் பேருக்குத் தெரியாது. “இங்கிலீஷில்தான் வரும், கையெழுத்துப் போடு” என்று யாராவது சொன்னால், தமிழ்ப் பிரதி எங்கே என்று கேட்கலாம். பின்னால் போடுகிற ஒப்பந்தம் இந்த ஆஃபர் லெட்டரோடு ஒத்துப்போக வேண்டும் என்பதும் விதி. இங்கே 1,800 திர்ஹம் என்று காட்டிவிட்டு அங்கே 1,000 என்று எழுதுவது செல்லாது. கையெழுத்துப் போட்ட பிரதி நம் கையில் இருந்தால்தான் அதை நிரூபிக்க முடியும்.

ஆஃபர் லெட்டரில் கையெழுத்தானதும் முதலாளி வேலை அனுமதி வாங்குவார். அதை வைத்து வேலைக்கான நுழைவு அனுமதி வரும். இதை வைத்துத்தான் விமானம் ஏற வேண்டும். உள்ளே போனதும் 60 நாளுக்குள் மற்ற வேலைகள் முடிய வேண்டும். காசநோய், எச்.ஐ.வி. போன்றவற்றுக்கு மருத்துவப் பரிசோதனை, கைரேகை, எமிரேட்ஸ் ஐ.டி. அட்டை, கடைசியாகத் தங்கும் அனுமதி. தனியார் கம்பெனி வேலைக்குப் பொதுவாக இரண்டு வருடத்துக்குத் தருவார்கள். முன்பெல்லாம் பாஸ்போர்ட்டில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். 2022-லிருந்து அது இல்லை. எமிரேட்ஸ் ஐ.டி. அட்டையே தங்கும் அனுமதிக்கு அத்தாட்சி. “பையன் பாஸ்போர்ட்டில் ஒன்றுமே ஒட்டவில்லையே” என்று யாரும் பயப்பட வேண்டாம். ஃப்ரீ ஜோன் கம்பெனி என்றால் மோஹ்ரேவுக்குப் பதிலாக அந்த ஃப்ரீ ஜோன் அலுவலகம் காகிதம் தரும். வரிசை ஏறக்குறைய இதேதான்.

இதற்கெல்லாம் ஆகிற செலவு யாருடையது? அங்கே 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டப்படி, வேலைக்கு ஆள் எடுக்கிற செலவை முதலாளிதான் ஏற்க வேண்டும். தொழிலாளியிடம் நேரடியாகவோ சுற்றி வளைத்தோ வசூலிக்கக் கூடாது. பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்ளவும் கூடாது. “பத்திரமாக இருக்கட்டும், ஆபீசில் கொடு” என்பார்கள். நம் ஆட்களும் கொடுத்துவிடுவார்கள். பாஸ்புக்கை மேனேஜரிடம் கொடுத்துவிட்டு வருகிறோமா? அது மாதிரிதான் இதுவும்.

இனி ஏஜென்ட்டுகள் சொல்கிற ஒரு வாக்கியத்துக்கு வருகிறேன். “விசிட் விசாவில் போங்க, அங்கே போய் மாத்திக்கலாம்.” இது முழுப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். பாதி உண்மை. விசிட்டில் போய் வேலை தேடி, ஒரு கம்பெனி ஆஃபர் கொடுத்து முறையாக விண்ணப்பித்தால், நாட்டுக்குள் இருந்தபடியே அனுமதியை மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. படித்த பிள்ளைகள் சிலர் அப்படிப் போய் வேலை வாங்கியிருக்கிறார்கள். ஆனால் மாறும்வரை ஒரு நாள்கூட வேலை பார்க்கக் கூடாது. ஏஜென்ட் சொல்லாமல் விடுகிற மறுபாதி இதுதான். அனுமதி இல்லாதவரை வேலைக்கு வைத்தால் முதலாளிக்கு 1 லட்சம் முதல் 10 லட்சம் திர்ஹம் வரை அபராதம் என்று 2024-ல் சட்டத்தைக் கடுமையாக்கியிருக்கிறார்கள். அபராதம் முதலாளிக்குத்தானே என்று நாம் நிம்மதியாக இருக்க முடியாது. வேலை பார்த்தவருக்கு நாடு கடத்தல். விசிட் நாள் முடிந்தும் தங்கினால் நாளொன்றுக்கு 50 திர்ஹம். பத்து நாள் ஆனால் 500. நூறு நாள் ஆனால் 5,000. தினமும் ஏறுகிற வட்டி. சம்பளமே இல்லாதவர் இதை எப்படிக் கட்டுவார்? கட்ட முடியாமல் ஒளிந்து வாழ்கிறார்கள். 1996-ல் பொதுமன்னிப்பு என்று சொன்னேன். 2024 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மறுபடி ஒரு பொதுமன்னிப்பு கொடுத்தார்கள். முப்பது வருடம் ஆகியும் அதே கதை நடக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

முறையாகப் போனவர்களுக்கும் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு சாவியும் அந்த முதலாளியோடு கட்டப்பட்டவை. வேலை போனால் வேலை அனுமதி ரத்தாகும், பின்னாலேயே தங்கும் அனுமதியும் ரத்தாகும். உடனே மூட்டை கட்ட வேண்டும் என்பதில்லை. வேறு வேலை தேடவோ ஊர் திரும்பவோ அவகாசம் தருகிறார்கள். எத்தனை நாள் என்பது அனுமதியின் வகையைப் பொறுத்தது. ஒருவருக்குக் கிடைத்த நாள் இன்னொருவருக்குக் கிடைக்காது. ஆகவே ரத்துக் காகிதத்தில் என்ன தேதி என்று பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். வேலை இழப்புக்கு ஒரு காப்பீடும் 2023 ஜனவரியிலிருந்து கட்டாயம். அடிப்படைச் சம்பளம் 16,000 திர்ஹம் வரை உள்ளவர்களுக்கு மாதம் 5 திர்ஹம்தான் பிரீமியம். அதைக் கட்டாமல் விட்டு அபராதம் கட்டியவர்களும் உண்டு.

இன்னொன்று, ஊருக்கு வந்து நீண்ட நாள் தங்கிவிடுகிறவர்களுக்கு. அமீரகத்துக்கு வெளியே தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் சாதாரணத் தங்கும் அனுமதி செல்லாமல் போய்விடும். பிரசவத்துக்கு வந்த பெண்ணை “இன்னும் ரெண்டு மாசம் இருந்துட்டுப் போயேன்” என்று சொல்வதற்கு முன்னால் காலண்டரைப் பாருங்கள்.

மனைவி மக்களை அழைத்துக்கொள்ளச் சம்பள வரம்பு உண்டு. 4,000 திர்ஹம், அல்லது கம்பெனியே வீடு கொடுத்தால் 3,000. திருமணச் சான்றிதழை மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அந்த நாட்டுத் தூதரகம் என்று வரிசையாகச் சான்றிட வேண்டும். கல்யாணம் ஆன கையோடு பதிவு செய்து சான்றிதழ் வாங்கி வையுங்கள். அதில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கட்டும்.

பெயர் என்றதும் தமிழர்களுக்கே உரிய ஒரு சங்கடம் ஞாபகம் வருகிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பலர் பாஸ்போர்ட்டில் சர்நேம் இடத்தைக் காலியாக விட்டு ஒற்றைப் பெயர் மட்டும் போட்டிருக்கிறோம். அப்படி ஒரே சொல்லாகப் பெயர் உள்ளவர்கள் விசிட் விசாவில் நுழைய முடியாது என்று அமீரகம் 2022 நவம்பரில் சொல்லிவிட்டது. புதிதாகப் பாஸ்போர்ட் எடுக்கும்போதே அப்பா பெயரை முழுசாக சர்நேமில் போட்டுவிடுவது உத்தமம்.

இதுவரை சொன்னது அந்த ஊர்ச் சட்டம். நம் நாட்டுச் சட்டம் ஒன்றும் இருக்கிறது. நமக்கு ஈ.சி.ஆர். என்றால் மகாபலிபுரம் போகிற ரோடு. பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்று அச்சடித்திருந்தால் அது வேறு. அந்தப் பாஸ்போர்ட் உள்ளவர் வேலைக்குப் போவதற்குமுன் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வாங்க வேண்டும் என்று அர்த்தம். 1983-ஆம் வருடத்துக் குடிபெயர்வுச் சட்டம் இதைச் சொல்கிறது. பொதுவாகப் பத்தாவது தேறாதவர்களுக்கு இப்படி வரும். எல்லா நாட்டுக்கும் இந்த அனுமதி தேவையில்லை. அமீரகம், சவுதி, குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், மலேசியா உட்பட 18 நாடுகளுக்குத் தேவை. சிங்கப்பூர் இந்தப் பட்டியலில் இல்லை. பத்தாவது தேறியவர்கள் சான்றிதழைக் காட்டி ஈ.சி.ஆர். இல்லாத பாஸ்போர்ட் வாங்கிக்கொள்ளலாம்.

ஈ.சி.ஆர். என்பதை நம்மவர்கள் தொல்லையாக நினைக்கிறார்கள். அது ஒரு பாதுகாப்பு. முதலாளி யார், சம்பளம் எவ்வளவு என்று நம் அரசு ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறது. அப்படிப் போகிறவர்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு கட்டாயம். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375 ரூபாய், அதன்மேல் வரி. விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 10 லட்சம். இரண்டு பிளேட் பிரியாணி காசுக்கு 10 லட்சம் பாதுகாப்பு.

ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் ‘இ-மைக்ரேட்’ இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. மொத்தம் 35,400. இந்தத் தொகையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று யாராவது கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். தமிழ்நாடு அரசே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் நடத்துகிறது. முதலில் அங்கே விசாரியுங்கள்.

சிங்கப்பூரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கே வேலைக்கும் தங்குவதற்கும் சேர்த்து ஒரே பாஸ். ஆனால் பாஸில் வகை உண்டு. பட்டதாரி உத்தியோகத்துக்கு எம்ப்ளாய்மென்ட் பாஸ். 2025 ஜனவரியிலிருந்து புது விண்ணப்பங்களுக்குக் குறைந்தது 5,600 வெள்ளி சம்பளம் வேண்டும். வயது ஏற ஏற இந்த வரம்பும் ஏறும். நடுத்தரத் திறன் வேலைக்கு எஸ் பாஸ். கட்டுமானம், கப்பல் பட்டறை போன்றவற்றுக்கு ஒர்க் பர்மிட். ஒர்க் பர்மிட்டில் போகிறவர் குடும்பத்தை அழைத்துக்கொள்ள முடியாது. போவதற்குமுன் ஐ.பி.ஏ. என்ற ஒப்புதல் கடிதம் வரும். ஒர்க் பர்மிட் ஆட்களுக்கு அது தமிழிலும் கிடைக்கும். அதில் எழுதியிருக்கிற சம்பளம்தான் சம்பளம், ஏஜென்ட் வாயால் சொல்வது அல்ல. நம் குடியிருப்பில் உள்ளவர்களுக்கு முக்கியமானது இன்னொன்று. கணவனோடு டிபென்டன்ட் பாஸில் போகிற பெண் அதை மட்டும் வைத்துக்கொண்டு வேலைக்குப் போக முடியாது. 2021 மே மாதத்திலிருந்து அவருக்கும் தனி வேலைப் பாஸ் வேண்டும். “அங்கே போய் அவளும் வேலை பார்ப்பாள்” என்று கணக்குப் போட்டு இங்கே வீட்டுக் கடன் வாங்காதீர்கள்.

அடுத்து, பேரன் பேத்தியைப் பார்க்க அமெரிக்கா போகிற பெரியவர்களுக்கு. உங்கள் பாஸ்போர்ட்டில் உள்ள விசா பத்து வருடத்துக்கு இருக்கலாம். அது வாசற்கதவு. எத்தனை நாள் தங்கலாம் என்பதை அங்கே விமான நிலையத்தில் இருக்கிற அதிகாரி தீர்மானிக்கிறார். வழக்கமாக ஆறு மாதம். அந்தத் தேதி ‘ஐ-94’ என்ற பதிவில் இருக்கும். இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். விசா 2032 வரை இருக்கிறது என்று நம்பி, ஐ-94 தேதிக்கு மேல் 180 நாளைத் தாண்டித் தங்கிவிட்டுக் கிளம்பினால் மூன்று வருடம் மறுபடி நுழைய முடியாது. ஒரு வருடம் தாண்டினால் பத்து வருடம். எச்-1பி-யில் இருக்கிற பிள்ளைக்கு வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம். இதையெல்லாம் பிள்ளைகள் நம்மிடம் சொல்ல மாட்டார்கள், கவலைப்படுவோம் என்று. தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. கேட்டுத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

இப்போது போன வருடம் நம் வளாகத்திலேயே நடந்ததைச் சொல்கிறேன். சம்பந்தப்பட்டவரிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். நமக்கெல்லாம் மின்சார வேலை செய்து தருகிற ஒருவர் ஒரு நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு என் வீட்டுக்கு வந்தார். “சார், பையனுக்குத் துபாய் விசா வந்துடுச்சு. நாளைக்கு நகையை வைக்கணும். எந்த பேங்க்ல வட்டி கம்மி?” என்றார். பையன் ஐ.டி.ஐ. முடித்தவன். 40,000 ரூபாய் முன்பணம் கொடுத்தாகிவிட்டது. மறுநாள் இன்னும் ஒரு லட்சம் கொடுக்க வேண்டும். “வட்டி இருக்கட்டும், காகிதத்தைக் காட்டுங்கள்” என்றேன்.

போனில் காட்டினார். 60 நாள் டூரிஸ்ட் விசா. கம்பெனி பெயர் இல்லை. ஆஃபர் லெட்டர் இல்லை. முப்பது வருடத்துக்கு முன்னால் பார்த்த அதே ஜெராக்ஸை மறுபடி பார்த்தது போல இருந்தது. நான் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. ஏஜென்ட்டுக்கு அப்போதே போன் போட்டார். “கம்பெனி பேர் என்ன, ஆஃபர் லெட்டர் எங்கேன்னு மட்டும் கேளுங்க” என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மழுப்பிவிட்டு, “நம்பிக்கை இல்லேன்னா விட்டுடுங்க, உங்க சீட்டுக்கு நாலு பேர் நிக்கிறாங்க” என்று வைத்துவிட்டான். இ-மைக்ரேட் பட்டியலில் தேடினோம். அந்த ஆபீஸ் பெயரே இல்லை.

நகை வீட்டிலேயே இருந்தது. முன்பணம் 40,000 திரும்ப வரவில்லை. போலீசில் புகார் கொடுத்திருக்கிறார், இன்னும் அலைகிறார். பையனுக்கு என்மேல் மகா கோபம். நண்பர்களிடமெல்லாம் சொல்லிவிட்டு, டிரெஸ் வாங்கிவிட்டு, பெட்டியும் வாங்கி வைத்திருந்தவன். இரண்டு மாதம் என்னைப் பார்த்தால் படியில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அது நியாயம்தான். இருபத்திரண்டு வயதில் என் பேச்சை நானே கேட்டிருக்க மாட்டேன். பிறகு முறையாக விண்ணப்பித்தான். நேர்முகத் தேர்வு, ஆஃபர் லெட்டர் எல்லாம் ஆறேழு மாதம் இழுத்தது. ஆஃபர் லெட்டர் வந்த அன்று அவனே மாடியேறி வந்து, “சார், தமிழ்ல இருக்கு” என்று நீட்டினான். இரண்டு பேரும் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தோம். இப்போது அங்கே இருக்கிறான். அப்பாவுக்கு மாதா மாதம் பணம் வருகிறது.

முடிப்பதற்குமுன், வீட்டை வாடகைக்கு விடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் நாட்டுக்கு வருகிற வெளிநாட்டவருக்கும் இதே கதைதான். அவர்களுக்கும் சரியான விசா வேண்டும். 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வேலைக்கோ படிப்புக்கோ வந்தவர் 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிந்துகொள்ள வேண்டும். சென்னையில் அது நுங்கம்பாக்கம் ஹேடோஸ் ரோடு சாஸ்திரி பவனில் இருக்கிறது. தங்க இடம் கொடுக்கிற நாமும் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் தகவல் தர வேண்டும். 2025 செப்டம்பர் 1 முதல் இதற்குப் புதுச் சட்டமே நடைமுறையில் இருக்கிறது. “புரோக்கர் பார்த்துக்கொள்வார்” என்று விட்டுவிடாதீர்கள். பொறுப்பு நம்முடையது.

கடைசியாக, யாருக்காகவும் பணம் கட்டுவதற்குமுன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள். இதை நோட்டீஸ் போர்டிலும் ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.

1. இது விசிட் விசாவா, வேலைக்கான நுழைவு அனுமதியா? அதில் முதலாளியின் பெயர் இருக்கிறதா?

2. ஆஃபர் லெட்டர் எங்கே? புரிகிற மொழியில் இருக்கிறதா? அதன் ஒரு பிரதி வீட்டில் இருக்கிறதா?

3. ஏஜென்ட்டின் பெயர் இ-மைக்ரேட் பட்டியலில் உண்டா? 35,400 ரூபாய்க்கு மேல் கேட்கிறாரா? ரசீது கொடுக்கிறாரா?

4. பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். இருக்கிறதா? இருந்தால் அனுமதியும் காப்பீடும் ஆகிவிட்டதா?

5. தங்கும் அனுமதி எந்தத் தேதியில் முடிகிறது? வேலை போனால் எத்தனை நாள் அவகாசம்?

சட்டமும் தொகையும் அவ்வப்போது மாறும். கிளம்புவதற்குமுன் அந்தந்த அரசின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இந்த ஐந்து கேள்வி மாறாது.

நம் வீட்டுக்கு வேலைக்கு வருகிறவர்கள் “விசா வந்துடுச்சு” என்று இனிப்போடு வந்தால், இனிப்பை வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே, “காகிதத்தைக் கொஞ்சம் காட்டுங்களேன்” என்று கேளுங்கள். தலையிடுவதாக நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம். அப்படித் தயங்கியவன் நான். ஆங்கிலம் படிக்கத் தெரிந்த எவரும் ஐந்து நிமிடத்தில் இதைப் பார்த்துச் சொல்லிவிடலாம். உங்களுக்கு நேரமில்லை என்றால் என் வீட்டுக்கு அனுப்புங்கள். பி பிளாக், இரண்டாவது மாடி. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் கண்ணாடியோடு தயாராக இருப்பேன்.